கார்டு வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதா, கடனையே வேறிடத்துக்கு மாற்றுவதா?

கிரெடிட் கார்டு பில்லை மாதாமாதம் முழுசாகக் கட்டிவிடுகிறவர் இதைப் படிக்க வேண்டியதில்லை. அவருக்கு கார்டின் வட்டி 15 சதவீதமாக இருந்தால் என்ன, 45 ஆக இருந்தால் என்ன, ஒரு காசும் கூடுதலாகப் போகப்போவதில்லை. இது நிலுவை தங்கிவிட்டவருக்கு. ஒரே மாதத்தில் அடைக்க முடியாது, ஆனால் மாதம் இவ்வளவு என்று ஒதுக்கிக் கட்ட முடியும், அப்படிக் கட்டுவதில் பாதி வட்டிக்கே போகிறது என்ற நிலையில் இருப்பவருக்கு. அவர் வங்கியைக் கூப்பிட்டு வட்டியைக் குறைக்கச் சொல்லலாம், அதே கார்டில் நிலுவையை இஎம்ஐ ஆக்கலாம், வேறு கார்டுக்கு மாற்றலாம் (இதுதான் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்), பெர்சனல் லோன் வாங்கி மொத்தமாக அடைத்துவிடலாம். எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். என் பதில் இதுதான்: வேறு இடத்தில் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கிறவர் பேரம் பேசிக்கொண்டிருக்காமல் மாறிவிட வேண்டும், எங்கேயும் கிடைக்காதவர்தான் வங்கியோடு உட்கார்ந்து பேச வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. நல்ல கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறவர் என்ற மதிப்பெண், உள்ளவர் வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டு ஒரு சதவீதம் குறைந்ததற்கு மகிழ்கிறார், நொடிந்துபோனவர் போனை எடுக்கவே பயப்படுகிறார்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது புரிய, அந்த வட்டி எப்படி முடிவாகிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

உங்கள் பெயரில் இருக்கும் வட்டி, உங்களால் மட்டும் வந்ததல்ல

கார்டு கடனுக்கு அடமானம் கிடையாது. வீட்டுக் கடன் நின்றால் வீடு இருக்கிறது, வாகனக் கடன் நின்றால் வண்டி இருக்கிறது, இதில் எதுவும் இல்லை. அதனால் வங்கி தான் பணம் திரட்டும் செலவு, திரும்பி வராமல் போகும் கடன்களின் பங்கு, நிர்வாகச் செலவு, லாபம் எல்லாவற்றையும் சேர்த்து வட்டியில் ஏற்றுகிறது. திருப்பிக் கட்டாதவர்களின் நஷ்டத்தைக் கட்டுகிறவர்கள்தான் சுமக்கிறார்கள். இதெல்லாம் உங்களைப் பார்ப்பதற்கு முன்பே முடிவாகிவிட்ட பகுதி.

அமெரிக்காவில் இது வெளிப்படையாகவே தெரியும். அங்கே பெரும்பாலான கார்டுகளின் வட்டி, ‘பிரைம் ரேட்’ என்ற அடிப்படை விகிதத்தோடு உங்களுக்கென்று ஒரு கூடுதல் விகிதத்தைச் சேர்த்து வருவது. பிரைம் ரேட் என்பது வழக்கமாக மத்திய வங்கியின் விகித வரம்பின் மேல் எல்லையைவிட 3 சதவீதப் புள்ளி அதிகம். 2022 மார்ச்சில் 3.25 ஆக இருந்த அது 2023 ஜூலையில் 8.50 ஆனது. அந்தப் பதினாறு மாதத்தில் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கட்டியவருக்கும் வட்டி ஐந்து புள்ளிக்கு மேல் ஏறியது, அவர் எந்தத் தப்பும் செய்யாமலே. சரி, அது மத்திய வங்கியின் வேலை என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த நாட்டின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 தொடக்கத்தில் வெளியிட்ட கணக்குப்படி, பிரைமுக்கு மேலே வங்கிகள் வைக்கும் கூடுதல் விகிதமே 2023இல் சராசரியாக 14.3 புள்ளிக்குப் போயிருந்தது, அதுவரை இல்லாத உயரம். அதே அமைப்பு இன்னொன்றும் கண்டது: ஒரே மாதிரி ஸ்கோர் உள்ளவர்களிடம் பெரிய வங்கிகள், சிறிய வங்கிகளையும் கூட்டுறவுக் கடன் சங்கங்களையும்விட 8 முதல் 10 புள்ளி வரை அதிகம் வாங்குகின்றன. ஆள் மாறவில்லை, ஸ்கோர் மாறவில்லை, கடை மட்டும்தான் வேறு. இந்த ஒரு தகவலே மேலே சொன்ன என் பதிலுக்குப் பாதி ஆதாரம்.

உங்களைப் பொறுத்த பகுதி எங்கே வருகிறது என்றால், விண்ணப்பிக்கும்போது. முன்பு கட்டிய கடன்களில் தாமதம் உண்டா, இருக்கும் லிமிட்டில் எவ்வளவு பயன்படுத்தியிருக்கிறீர்கள், கடன் வரலாறு எத்தனை வருடப் பழசு, சமீபத்தில் எத்தனை இடத்தில் விண்ணப்பித்தீர்கள், வருமானம் என்ன, இதைத்தான் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் ஃபைக்கோ ஸ்கோரில் திருப்பிக் கட்டிய வரலாற்றுக்கு 35 சதவீதம், நிலுவைக்கு 30 சதவீதம், மற்றதெல்லாம் மீதியில். ஆக இரண்டே விஷயத்தில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்துவிடுகிறது. மற்ற நாடுகளின் ஸ்கோர்களில் எண்கள் வேறு, வரிசை கிட்டத்தட்ட இதேதான்.

ஆளுக்கு ஆள் வட்டி மாற்றும் பழக்கம் அப்படியொன்றும் பழசில்லை. 1980களின் கடைசி வரை அமெரிக்காவில் நல்லவர் கெட்டவர் எல்லோருக்கும் பெரும்பாலும் 19.8 சதவீதம்தான். ரிச்சர்ட் ஃபேர்பேங்க், நைஜல் மோரிஸ் என்ற இரண்டு பேர் 1988இல் சிக்னெட் என்ற வங்கிக்குள் நுழைந்து, தரவை வைத்து ஆளைப் பிரித்து ஆளுக்கேற்ற விலை போடலாம் என்று காட்டினார்கள். அந்தப் பிரிவுதான் பிறகு கேப்பிட்டல் ஒன் ஆனது. சுவாரசியம் என்னவென்றால், மற்ற வங்கியின் நல்ல வாடிக்கையாளரைக் குறைந்த ஆரம்ப வட்டி காட்டி இழுக்கும் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபரைப் பெரிதாக வளர்த்ததும் அதே ஆட்கள்தான். ஒரே கணக்கிலிருந்து பிறந்த இரண்டு பிள்ளைகள்: ஒன்று உங்களுக்கு விலை வைக்கிறது, இன்னொன்று அந்த விலையிலிருந்து தப்பிக்க வழி காட்டுகிறது.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. மலேசியாவில் ஸ்கோரைவிட நடத்தைக்கு நேரடியாக விலை வைத்திருக்கிறார்கள்: தொடர்ந்து பன்னிரண்டு மாதம் குறைந்தபட்சத் தொகையை நேரத்துக்குக் கட்டியவருக்கு உச்சவரம்பு 15 சதவீதம், பன்னிரண்டில் பத்து மாதமாவது கட்டியவருக்கு 17, மற்றவருக்கு 18. ஜப்பானில் சட்டமே கடன் தொகையைப் பார்த்து 15 முதல் 20 சதவீதம் என்று வரம்பு போட்டுவிடுகிறது. இந்தியாவில் பல கார்டுகளுக்கு மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டிய ஒரே விகிதம்தான். ஆண்டுக்கு 42 என்று எழுதியிருக்கும், வட்டிக்கு வட்டி சேர்த்துப் பார்த்தால் 51. அங்கே 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொல்லியிருந்ததை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. பிரிட்டனில் விளம்பரத்தில் போடும் வட்டி, ஏற்றுக்கொள்ளப்படுகிறவர்களில் 51 சதவீதம் பேருக்குக் கிடைத்தால் போதும். மீதி 49 சதவீதத்தில் நீங்கள் ஒருவராக இருந்தால் பெரும்பாலும் விண்ணப்பித்த பிறகுதான் தெரியும்.

முக்கியமான ஒன்று, பலர் கவனிக்காதது. ஸ்கோர் பின்னால் உயர்ந்தாலும் கார்டின் வட்டி தானாக இறங்காது. ஏற்றுவதற்குத்தான் சட்டங்கள் கடிவாளம் போட்டிருக்கின்றன: அமெரிக்காவின் 2009 கார்டு சட்டப்படி ஏற்கெனவே உள்ள நிலுவைக்கு வட்டியை ஏற்ற பொதுவாக முடியாது, மேலே சொன்ன பிரைம் ரேட் ஏற்றம், அறுபது நாள் தாமதம் போன்ற சில காரணங்கள் இருந்தால் ஒழிய, புதிய செலவுக்கு ஏற்றவும் 45 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஏற்றியதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்கவும் வேண்டும். ஆனால் ஏற்றாமல் ஆரம்பத்திலிருந்தே உயரமாக வைத்த வட்டியைக் குறைக்க யாருக்கும் கட்டாயம் இல்லை. நான்கு வருடம் முன்பு, வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடன் வரலாறே இல்லாதபோது வாங்கிய கார்டு என்றால் நீங்கள் இன்னும் அந்தப் பழைய ஆளுக்கான விலையைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நிலுவை 1,00,000 என்று வைத்துக்கொள்வோம், எந்த நாணயமாக இருந்தாலும் சரி. வட்டி மாதம் 3 சதவீதம், ஆண்டுக்கு 36. புதிதாக அந்தக் கார்டில் எதுவும் வாங்கவில்லை.

குறைந்தபட்சத் தொகை, அதாவது 5 சதவீதம் மட்டும் கட்டிக்கொண்டு போனால் ஒரு வருடத்தில் சுமார் 55,000 கட்டியிருப்பீர்கள், நிலுவையோ இன்னும் 77,000 இருக்கும். இதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை. இது ஒரு வழியே அல்ல, வழி தேடாததன் விலை.

அதே 36 சதவீதத்தில் பன்னிரண்டு சம தவணையில் அடைத்தால் மொத்த வட்டி சுமார் 20,550. வங்கியிடம் பேசி 30க்குக் குறைத்துவிட்டீர்கள் என்றால், அது நல்ல பேரம்தான், வட்டி 17,000 ஆகும். 3,500 சொச்சம் மிச்சம். 18 சதவீதத்துக்கு ஒரு பெர்சனல் லோன் கிடைத்தால் வட்டி 10,000, பாதிக்கும் கீழே. 4 சதவீதக் கட்டணத்தோடு பன்னிரண்டு மாதம் வட்டியில்லாத பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் கிடைத்தால் மொத்தச் செலவே 4,000.

இதில் எதுவும் செய்யாமல், பழைய 36 சதவீதத்திலேயே பன்னிரண்டு மாதத்துக்குப் பதில் ஆறு மாதத்தில் அடைத்தால்? வட்டி 10,760. பெர்சனல் லோனுக்குக் கிட்டத்தட்ட சமம். மாதம் 10,000க்குப் பதில் 18,500 கட்ட வேண்டும் என்பது வேறு விஷயம், எல்லோராலும் முடியாது. ஆனால் சேமிப்புக் கணக்கில் ஏதோ சொற்ப வட்டிக்குப் பணத்தை வைத்துக்கொண்டு கார்டில் 36 கட்டுகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள், அவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கலாம்.

வங்கியிடம் கேட்பது

செலவில்லை, ஸ்கோர் குறையாது, பத்து நிமிடம். அதனால் கேட்பதில் தப்பில்லை. ஆனால் எதிர்முனையில் இருப்பவரிடம் உள்ள அதிகாரம் மிகக் குறைவு. திரையில் உங்கள் கணக்குக்கு ஏதாவது சலுகை தயாராக இருந்தால் தருவார், இல்லாவிட்டால் “உங்கள் கோரிக்கையைப் பதிவு செய்திருக்கிறேன்” என்பார். எல்லோருக்கும் ஒரே வட்டி வைத்திருக்கும் கார்டு என்றால் அதுவும் கிடையாது, அட்டவணையில் உள்ளதுதான். பலிக்கும் இடம் ஒன்றுதான்: வேறு நிறுவனம் எழுத்தில் கொடுத்த குறைந்த விகிதம் கையில் இருக்கும்போது. அப்போதும் யோசியுங்கள், அந்தக் குறைந்த விகிதம் ஏற்கெனவே கையில் இருக்கிறதே, அப்புறம் இவரிடம் எதற்குப் பேச வேண்டும்?

தவணை கட்டவே முடியாத நிலையில் இருப்பவருக்கு இது வேறு பேச்சு. வேலை போனது, மருத்துவச் செலவு, ஸ்கோர் விழுந்துவிட்டது என்றால் புதிய கார்டும் கிடைக்காது, லோனும் கிடைக்காது. குறைந்த வட்டி யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குத்தான் சந்தை அதைத் தராது. அந்த நேரத்தில் பழைய வங்கிக்கு ஒரு காரணம் இருக்கிறது: நீங்கள் கட்டுவதையே நிறுத்திவிட்டால் அதற்குப் பெரிய நஷ்டம், வட்டியைக் குறைத்துத் தவணை போட்டால் அசலாவது திரும்ப வரும். இதற்கென்று பல வங்கிகளில் தனிப் பிரிவே இருக்கிறது. சாதாரண சேவை எண்ணில் “வட்டியைக் குறையுங்கள்” என்று கேட்காமல், “வருமானம் குறைந்துவிட்டது, மாதம் இவ்வளவுதான் முடியும், மறுசீரமைப்பு வேண்டும்” என்று சொன்னால்தான் அழைப்பு சரியான மேசைக்குப் போகும். தவணை தவறுவதற்கு முன்பே பேச வேண்டும், தவறி மூன்று மாதம் ஆன பிறகு பேசினால் வசூல் பிரிவோடுதான் பேச்சு. கணக்கை வங்கி முடக்கலாம், ‘செட்டில்மெண்ட்’ என்று ஏதாவது தள்ளுபடி வாங்கினால் அது கடன் அறிக்கையில் நெடுநாள் தெரியும். இரண்டையும் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடுங்கள். சிங்கப்பூரில் 2017 முதல், மாத வருமானத்தைப் போல் பன்னிரண்டு மடங்குக்கு மேல் அடமானமில்லாக் கடன் சேர்ந்தவருக்கென்று கடன்களை ஒன்றாக்கும் முறைப்படியான திட்டமே இருக்கிறது. இப்படி ஏதாவது உங்கள் நாட்டில் உண்டா என்று முதலில் தேடிப்பாருங்கள்.

அதே கார்டில் இஎம்ஐ

இதுதான் மிகச் சுலபம், ஆப்பில் இரண்டு தட்டு. அதனாலேயே எனக்கு இதன் மேல் கொஞ்சம் சந்தேகம். வட்டி, மாதாமாதம் தள்ளிக்கொண்டே போகும் சாதாரண நிலுவைக்கு உள்ளதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். “மாதம் 1 சதவீதம் மட்டுமே” என்பது ஃபிளாட் ரேட் என்றால், 1,00,000க்கு ஒரு வருடத்தில் 12,000 வட்டி. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வரும்போதும் முழு அசலுக்கே வட்டி போடுவதால் உண்மையான விகிதம் 12 அல்ல, கிட்டத்தட்ட 21.5. அதற்கு மேல் பிராசஸிங் கட்டணம், முன்னதாக முடித்தால் அதற்கொரு கட்டணம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கடைசித் தவணை வரை என் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும்? அந்த எண்ணை வாங்கி, பெர்சனல் லோனின் அதே எண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

வேறிடத்தில் கடன் கிடைக்காத, ஆனால் தவணை ஒழுங்காகக் கட்டக்கூடியவருக்கு இது நல்ல வழிதான். ஏற்கெனவே கொடுத்த கடன் என்பதால் வங்கி புதிதாக விசாரிப்பதும் பெரும்பாலும் இல்லை.

பேலன்ஸ் டிரான்ஸ்ஃபரா, பெர்சனல் லோனா

எண்ணை மட்டும் பார்த்தால் டிரான்ஸ்ஃபர்தான் ஜெயிக்கும். ஆனால் அது நாள் குறித்த சலுகை. நிறுவனம் தர்மத்துக்குத் தரவில்லை, சலுகைக் காலம் முடியும்போது உங்களில் பலர் இன்னும் பாக்கி வைத்திருப்பீர்கள் என்ற கணக்கில் தருகிறது. அதற்குப் பிறகு சாதாரண கார்டு வட்டி. புதிய கார்டின் லிமிட் எவ்வளவு என்பதும் ஒப்புதலுக்குப் பிறகுதான் தெரியும், 1,00,000 மாற்ற நினைத்தவருக்கு 60,000 லிமிட் வரலாம், அப்போது நிலுவை இரண்டு இடத்தில். இன்னொரு ஓட்டை, புதிய கார்டில் வாங்கும் பொருளுக்கு அந்தச் சலுகை இல்லாமல் இருக்கலாம், மாற்றிய நிலுவை கிடக்கும்போது வட்டியில்லாத நாட்களும் கிடைக்காமல் போகலாம். ஆக டிரான்ஸ்ஃபருக்கு வாங்கிய கார்டை வைத்து எதையும் வாங்கக் கூடாது.

பெர்சனல் லோன் கொஞ்சம் விலை அதிகம், ஆனால் ஒழுங்கு அதற்குள்ளேயே இருக்கிறது. தவணை நிலையானது, முடியும் தேதி தெரியும், குறைந்தபட்சம் கட்டித் தப்பிக்கும் வசதி கிடையாது. ஒரே ஆளுக்கு, ஒரே ஸ்கோருக்கு, லோன் வட்டி கார்டு வட்டியைவிடக் குறைவாக இருப்பதற்கும் இதுதான் பெரிய காரணம்: எவ்வளவு, எப்போது திரும்ப வரும் என்று வங்கிக்குத் தெரியும். கார்டில் நாளைக்கு நீங்கள் லிமிட் முழுவதையும் இழுத்துவிடலாம், அந்த நிச்சயமின்மைக்கும் சேர்த்துத்தான் விலை. அடமானம் வைத்த கடன் இன்னும் மலிவு, ஆனால் பொருள் போகும் ஆபத்து சேர்கிறது. கட்டும் வருமானம் உறுதியாக இருந்தால் ஒழிய அதை நான் சொல்ல மாட்டேன்.

சலுகைக் காலத்துக்குள், மாதா மாதம் சம தொகை கட்டி, ஒரு பாக்கியும் இல்லாமல் முடிக்க உங்கள் வருமானம் இடம் கொடுத்தால் டிரான்ஸ்ஃபர். அதைவிட நீளமான காலம் வேண்டும் என்றாலோ, கையில் காலி லிமிட் இருந்தால் செலவழித்துவிடுவேன் என்று உங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்தாலோ லோன். இரண்டாவது வகைதான் அதிகம் என்பது என் எண்ணம். அடைத்து முடித்த பழைய கார்டில் திரும்ப நிலுவை ஏறினால் கடன் இரட்டிப்பாகும், இந்த வழியில் விழுகிறவர்கள் பெரும்பாலும் விழும் இடம் அதுதான்.

விண்ணப்பிக்கும் முறையில் ஒரு நுணுக்கம். நீங்களே உங்கள் ஸ்கோரைப் பார்ப்பதும், தகுதி உண்டா என்று மேலோட்டமாகச் சோதிப்பதும் ஸ்கோரைத் தொடாது. முழு விண்ணப்பம் ஒவ்வொன்றும் அறிக்கையில் பதியும். எனவே ஐந்து இடத்தில் ஒரே வாரம் விண்ணப்பம் போடாதீர்கள். மேலோட்டச் சோதனையை எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் செய்து, கிடைப்பதில் நல்லதாக ஒன்றை மட்டும் எடுத்து விண்ணப்பியுங்கள். முடிந்தால் அதற்கு முந்தைய பில் தேதிக்குள் கார்டு நிலுவையைக் கொஞ்சமாவது இறக்கிவிடுங்கள், பயன்படுத்திய லிமிட்டின் அளவு பொதுவாக பில் தேதியை ஒட்டித்தான் அறிக்கைக்குப் போகிறது.

எந்த வழியில் போனாலும் நிலுவை தீரும்வரை அந்தக் கார்டில் புதிதாக எதுவும் வாங்காதீர்கள். போன மாத பாக்கி இருக்கும்போது வட்டியில்லா நாட்கள் பொதுவாகக் கிடையாது, இன்று வாங்கிய பொருளுக்கு இன்றிலிருந்தே வட்டி ஓடும். மொத்தமாக அடைத்த பிறகும் அடுத்த பில்லில் ஒரு சிறு தொகை வரலாம், கடைசி பில் தேதிக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடையில் ஓடிய வட்டி அது. எல்லாம் முடிந்ததே என்று அதைப் பார்க்காமல் விட்டால் தாமதக் கட்டணம் ஏறி, தவறிய தவணையாகக் கடன் அறிக்கைக்குப் போகும். ஆகவே அடைத்த பிறகு வரும் இரண்டு பில்களையும் திறந்து பாருங்கள், இரண்டிலும் பூஜ்யம் என்று வந்த பிறகுதான் அந்தக் கார்டை வைத்துக்கொள்வதா மூடுவதா என்பதை முடிவு செய்யுங்கள்.